ஏழு நிமிடத்தில் ஆர்.வெங்கட்ராமன்: பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன். பேச்சுப் போட்டி வந்தால் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பும் என்னிடம்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகும் டிசம்பர் நெருங்கினால் யாராவது ஓர் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "டீச்சர், நம்ம பக்கத்துக்காரர், ஜனாதிபதியா இருந்தாரே, அவரைப் பத்திப் பேசணுமாம். ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்." ஆர்.வெங்கட்ராமனைத்தான் சொல்கிறார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. எப்படி எழுதுவது என்று உட்கார வைத்துச் சொல்லித் தருவேன். வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு முழிக்கிற பெற்றோருக்கும், புதிதாக வந்த ஆசிரியர்களுக்கும் உதவும் என்று அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. பல வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனேன். கெட்டிக்காரி. பிறந்தது 1910 டிசம்பர் 4, ஊர் ராஜாமடம், படிப்பு பட்டுக்கோட்டை, திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலா, சட்டக் கல்லூரி, பிறகு எம்.பி., மாநில அமைச்சர், மத்திய அமைச்சர், குடியரசுத் துணைத் தலைவர், குடியரசுத் தலைவர் என்று மளமளவென்று ஒப்பித்தாள். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. கைதட்டலும் வந்தது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை பதவி சொன்னியேம்மா, அதுல அவரே யோசிச்சு முடிவெடுத்த ஒரே ஒரு நாளைச் சொல்லு." பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு நாளை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என் முறையை அன்றைக்கு மாற்றினேன்.

ஆகவே பேச்சை எழுதும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் வருஷமும் பதவியும். வலப்பக்கம் அந்தப் பதவியில் இருந்தபோது அவர் என்ன முடிவெடுத்தார் என்பது. வலப்பக்கம் காலியாக இருக்கிற வரி எதுவும் பேச்சுக்குள் வரக்கூடாது. அவ்வளவுதான் விதி. 98 வயது வரை வாழ்ந்தவரின் கதையை ஏழு நிமிடத்துக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

தாள் நிரம்பும்போது பிள்ளைகள் ஒன்றைக் கவனிப்பார்கள். பெரிய பதவிக்கு எதிரே பெரிய விஷயம் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். எப்போதும் அப்படி அமையாது. ஒன்றிரண்டு உதாரணம்.

1942. 31 வயது. 1935-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கி இரண்டு வருஷம் சிறையில் இருந்தார். தொழில் ஊன்றுகிற வயதில் அதை விட்டுவிட்டுச் சிறைக்குப் போவது ஒரு முடிவு. வலப்பக்கத்தில் எழுதலாம்.

1949. தொழிலாளர் சட்டங்களுக்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். இதைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் பதவி எதுவும் இல்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சட்டத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்க்கிற பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதைக் காட்டலாம். பின்னால் டெல்லியில் அந்தப் பழக்கம்தான் வேலை செய்தது.

1957. மக்களவைக்கு இரண்டாம் முறை ஜெயித்தவர், அதை விட்டுவிட்டுக் காமராஜர் அழைத்தார் என்று மாநில அமைச்சரவைக்கு வந்தார். தொழில், மின்சாரம், போக்குவரத்து, தொழிலாளர் நலம் எல்லாம் அவர் கையில். பத்து வருஷம், 1967 வரை. கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் வந்தது. சென்னையில் அத்தை, மாமா வீடு இருக்கிற பிள்ளை என்றால் கிண்டி ரயில் நிலையத்தைச் சொல்லிப் பேசச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்குக் கண்ணில் தெரியும். "தமிழகத் தொழில்துறையின் தந்தை" என்ற அடைமொழியை மட்டும் ஒப்பித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

நிதியமைச்சர், 1980 முதல் 1982 வரை. இதை ஒரே வரியில் கடந்துவிடுங்கள். பட்ஜெட் விவரத்துக்குள் போனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வெளியே வராது.

பாதுகாப்பு அமைச்சர் காலத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற திட்டத்தோடு அப்துல் கலாமும் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்த வி.எஸ்.அருணாசலமும் அவர் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எதற்கு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள் என்று சொன்னவர் வெங்கட்ராமன். திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். 388 கோடி ரூபாய் ஒதுக்கீடு கிடைத்தது. 1983-இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், நாக், திரிசூல் எல்லாம் அதில் வந்தவை. இந்த இடத்தில் பிள்ளையின் குரல் தானாக ஏறும், தடுக்காதீர்கள். ராஜாமடத்துக்காரர் ஒருவரும் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். முதலாமவர் 1987-இல் குடியரசுத் தலைவர் ஆனார், இரண்டாமவர் 2002-இல். அதைப் பார்க்கும்வரை முதலாமவர் உயிரோடும் இருந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

இனி பேச்சின் வயிறு. ஏழு நிமிடத்தில் நாலு நிமிடம் இதற்குத்தான்.

பிள்ளையிடம் கேளுங்கள்: "குடியரசுத் தலைவருக்கு என்ன வேலை?" பெரும்பாலும் "முதல் குடிமகன்" என்பார்கள். அது வேலை ஆகாது, மரியாதை. அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு நூலகத்தில் கிடைக்கும். நாலே நாலு பிரிவைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பிரிவு 60, அவர் எடுக்கும் உறுதிமொழி. பிரிவு 74, அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பது. பிரிவு 111, மசோதாவுக்கு ஒப்புதல். பிரிவு 356, மாநில ஆட்சியைக் கலைப்பது. எண்களை மேடையில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படித்திருந்தால் பிள்ளையின் நடையே மாறிவிடும். ஒருமுறை பிரிவு 60-ஐ மட்டும் ஒரு பையனைச் சத்தமாக மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். "டீச்சர், நாட்டைக் காப்பாத்துவேன்னு சொல்லலையே, அரசியலமைப்பைக் காப்பாத்துவேன்னுல்ல சொல்றாங்க" என்றான். அவன் பேச்சு அந்த வரியில்தான் தொடங்கியது.

அந்தப் பதவியை அவசரகால விளக்கு என்று சொன்னவர் ஆர்.வி., அதாவது வெங்கட்ராமன். மின்சாரம் இருக்கும்வரை அது சும்மா இருக்கும், கரண்ட் போனதும் தானே எரியும், வந்ததும் அணைந்துவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2018 கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அந்த விளக்கின் அருமை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் பேச்சை எப்படி அடுக்குவது? அவருடைய ஐந்து வருஷத்தில் கரண்ட் எப்போதெல்லாம் போனது என்று தேடுங்கள். அந்த நாட்களை மட்டும் சொல்லுங்கள்.

1987 ஜூலை 25-இல் பதவியேற்றார். எதிர்த்து நின்றவர் முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். நல்ல மனிதரை எதிர்த்து நல்ல மனிதர் நின்ற தேர்தல், அதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருஷம் ராஜீவ் காந்திக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. விளக்கு சும்மா இருந்தது.

1989 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரசுக்கு 197, ஜனதா தளத்துக்கு 143. இந்த இரண்டு எண்ணையும் பிள்ளை விரலால் காற்றில் எழுதிக் காட்டலாம், நன்றாக இருக்கும். இப்போது யாரைக் கூப்பிடுவது? சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. ஆர்.வி. முதலில் அதிக இடம் பிடித்த கட்சியை அழைத்தார். ராஜீவ் மறுத்தார். அதன் பிறகு வி.பி.சிங்கை அழைத்தார். டிசம்பர் 2-இல் வி.பி.சிங் பதவியேற்றார். தனக்குப் பிடித்தவர் யார், பிடிக்காதவர் யார் என்ற கேள்வியே எழாத மாதிரி எண்ணிக்கை வரிசையில் போனார். இந்த வரிசையை மேடையில் பிள்ளை நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கதை போய்விடும்.

ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 1990 நவம்பர் 7-இல் வி.பி.சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். மறுபடியும் இருட்டு. சில நாட்களில் காங்கிரஸ் வெளியிலிருந்து தந்த ஆதரவோடு சந்திரசேகர் பிரதமர். 1991 மார்ச்சில் அவரும் ராஜினாமா. தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் கொல்லப்பட்டார். ஜூன் 21-இல் பி.வி.நரசிம்மராவ் பதவியேற்றார். ஐந்து வருஷத்தில் நாலு பிரதமர்களோடு வேலை பார்த்தவர், அதில் மூன்று பேரைப் பதவியேற்கச் செய்தவர். ஸ்ரீபெரும்புதூர் பற்றிச் சொல்லும்போது நாடகக் குரல் வேண்டாம். இடத்தின் பெயரைச் சொல்லி ஒரு நொடி நிறுத்தினால் போதும். தமிழ்நாட்டில் கேட்பவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

நேரம் மிச்சமிருந்தால் எம்.பி.க்கள் சம்பள மசோதாவைச் சேர்க்கலாம். 1991-இல் மக்களவை கலைவதற்கு முன் கடைசி நாளில், எம்.பி.க்களின் சம்பளம், ஓய்வூதியம் பற்றிய திருத்த மசோதா நிறைவேறியது. அதைக் கொண்டுவரும் முன் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. ஆர்.வி. ஒப்புதல் தரவில்லை. தொழிலாளர் சட்டப் பத்திரிகை நடத்திய வக்கீலை இங்கே பிள்ளை மறுபடி நினைவுபடுத்தலாம். பேச்சின் முன்பாதியும் பின்பாதியும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, பல ஆசிரியர்கள் பயந்து விட்டுவிடுகிற பகுதி. 1991 ஜனவரி 30. கலைஞர் கருணாநிதி தலைமையிலான தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தரவில்லை. பிரிவு 356-இல் ஆளுநரின் அறிக்கையால் அல்லது வேறு வகையில் என்று இருக்கிறது. அந்த "வேறு வகையில்" என்பதை வைத்து, சந்திரசேகர் அமைச்சரவையின் பரிந்துரையின் பேரில் ஆர்.வி. கையெழுத்திட்டார்.

இதை விட்டுவிட்டுப் பேசினால் நடுவர் கட்டாயம் கேட்பார். கேட்காவிட்டாலும் பேச்சு முழுமையாகாது. பிள்ளைக்கு நான் சொல்லித் தருகிற முறை இது: முதலில் நடந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் சொல். பிறகு இரண்டு தரப்பின் கேள்வியையும் சொல். அமைச்சரவையின் ஆலோசனையை அவர் மறுத்திருக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. ஒருமுறை திருப்பி அனுப்பி மறுபரிசீலனை கேட்கும் உரிமை 1978-லிருந்தே குடியரசுத் தலைவருக்கு உண்டே, அதைப் பயன்படுத்தியிருக்கலாமே என்பது மற்றொன்று. 1994-இல், கர்நாடக முதல்வராக இருந்த எஸ்.ஆர்.பொம்மையின் வழக்கில் உச்சநீதிமன்றம் 356-ஐப் பயன்படுத்தக் கடிவாளம் போட்டது என்பதையும் சொல். அதன் பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்.

என்னைக் கேட்டால், அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1989-இல் அவ்வளவு நிதானமாக வரிசை பார்த்தவர், இங்கே ஆளுநர் எழுதாத அறிக்கைக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். அவர் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. எங்கள் ஊர்க்காரர் என்பதால் இதை மறைத்துப் பேச என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரவும் மாட்டேன். ஒருமுறை ஒரு தாத்தா, கட்சிக்காரர், பேத்தி இந்தப் பகுதியைப் பேசக் கூடாது என்று என்னிடம் சண்டைக்கே வந்தார். உட்கார வைத்து மோர் கொடுத்து, பேத்தியைப் பேசிக் காட்டச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "சரியாத்தான் சொல்லுது" என்று எழுந்து போனார்.

சில சில்லறைத் தவறுகள், ஆனால் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். அவர் தமிழ்நாட்டில் பிறந்த முதல் குடியரசுத் தலைவர் என்று எழுதாதீர்கள். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1962-லேயே அந்தப் பதவிக்கு வந்துவிட்டார். ஆர்.வி. எட்டாவது குடியரசுத் தலைவர். கைபேசியில் பெயரைத் தேடும்போது சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் படமும் வரும். அந்தப் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு மேடையேறிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். மறைந்த நாள் 2009 ஜனவரி 27. குடியரசு தினத்தன்று என்று ஒரு நாள் முன்னால் தள்ளிச் சொல்வார்கள், கவனம். ஜனாதிபதி, குடியரசுத் தலைவர் இரண்டில் எதைச் சொன்னாலும் சரி, ஆனால் பேச்சு முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை பிள்ளையை ராஜாமடத்துக்குக் கூட்டிப் போய் வாருங்கள். பார்க்க அங்கே பெரிதாக எதுவும் வேண்டாம். கடற்கரைச் சாலையில் இறங்கி உப்புக் காற்றில் பத்து நிமிடம் நின்றால் போதும். இங்கிருந்து ஒருத்தர் ரைசினா குன்றின் 340 அறை மாளிகைக்குப் போனார் என்பது அங்கே நின்றால் பிள்ளைக்குத் தானாக உறைக்கும். ஒரு பெண் திரும்பி வந்து, எழுதி வைத்திருந்த "வான்புகழ் கொண்ட வள்ளுவன் பிறந்த நாட்டில்" என்ற தொடக்கத்தைத் தானே அடித்துவிட்டு, "எங்கள் வீட்டிலிருந்து அவர் ஊருக்கு அரை மணி நேரம்" என்று எழுதினாள். நான் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பயிற்சிக்கு வருவோம். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் மறந்துவிடும். ஆறு சொல் மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுங்கள்: ராஜாமடம், கிண்டி, ஏவுகணை, 197, மார்ச், வேறு வகையில். இந்த ஆறையும் பார்த்துப் பிள்ளை கதை சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தையில். ஐந்து நாள் இப்படிச் சொன்னால் வாக்கியங்கள் தாமே படிந்துவிடும். ஆறாம் நாள் கடிகாரம் வையுங்கள். ஆறு நிமிடம் நாற்பது நொடியில் முடிகிறதா பாருங்கள். மேடையில் மூச்சு வாங்க இருபது நொடி தானாகப் போய்விடும்.

வீட்டில் யாரையாவது நடுவராக உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கடுமையாகக் கேட்கிற சித்தப்பா யாராவது இருந்தால் ரொம்ப நல்லது. பதில் தெரியாவிட்டால் "அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லப் பழக்குங்கள். நடுவர் பெண்ணாக இருந்தால் அம்மா. போட்டிக்கு முந்தின இரவு புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அந்த அட்டையைச் சீருடைப் பையில் வைத்துவிட்டு, பிள்ளையை ஒன்பது மணிக்குத் தூங்க வைத்துவிடுங்கள்.